குரோஷா முக்கோண ஷால்: மேல் விளிம்பு நேராக வர ஒரு பெருக்கல் கணக்கு

“பேட்டர்ன்ல சொன்ன மாதிரிதான் போட்டேன், எம் ஷாலு மட்டும் ஏன் இப்படிக் கோணிக்கிட்டுக் கெடக்கு?” குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், முக்கோண ஷால் போடுகிறவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. தரையில் விரித்துப் பார்த்தால் கழுத்துப் பக்கம் கூரை முகடு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும், ஷாலின் இரண்டு கையும், அதாவது இரு பக்கமும் நீளும் சிறகுகள், சரிந்து கிடக்கும். சிலருக்கு நேர்மாறாக நடு பள்ளமாகி, கை இரண்டும் பனையோலை விசிறி விரிந்தது போல மேலே ஏறிவிடும். பேட்டர்ன் மேலும் தப்பில்லை, போடுகிறவர் மேலும் தப்பில்லை. பேட்டர்ன் எழுதியவருடைய ஸ்டிச்சின் உயரம் வேறு, உங்களுடையது வேறு. அதை அளந்து கணக்கை மாற்றத் தெரிந்துவிட்டால் எந்த நூலிலும் எந்த ஊசியிலும் மேல் விளிம்பை நேராகக் கொண்டுவரலாம்.

இங்கே பேசுவது கழுத்து மையத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி வளரும் ஷால். வாழை இலையில் நடுத்தண்டு ஓடுகிற மாதிரி, கழுத்திலிருந்து கீழ்முனை வரை ஒரு கோடு நடுவில் ஓடும். ஒவ்வொரு வரியும் ஒரு கையின் மேல் விளிம்பில் தொடங்கி, நடுத்தண்டு வரை இறங்கி, மறுபடி அடுத்த கைக்கு ஏறும். ஆக வரிகள் எல்லாம் ‘V’ வடிவத்தில் அடுக்கடுக்காக வரும். ஸ்டிச் கூட்டுகிற இடங்கள் நான்கு: இரண்டு மேல் விளிம்பு, நடுத்தண்டின் இரண்டு பக்கம். வேறு எங்கும் கூட்டக் கூடாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கே ‘டபுள் குரோஷா’ என்றால் ஊசியில் ஒரு தடவை நூல் சுற்றி உள்ளே விட்டு, இரண்டு இரண்டாக இழுக்கிற உயரமான ஸ்டிச். அமெரிக்க வழக்கில் அதற்கு இந்தப் பெயர்தான். பழைய பிரிட்டிஷ் வழக்குப் புத்தகங்களில் ‘டபுள்’ என்று இருப்பது நாம் ‘சிங்கிள்’ என்கிற குட்டை ஸ்டிச். வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் பழைய புத்தகத்தையும் யூடியூப் வீடியோவையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். உயர ஸ்டிச்சுக்கான கூட்டலைக் குட்டை ஸ்டிச்சில் போட்டால் கை இரண்டும் மேலே மடங்கி ஏறும், முக்கோணமே வராது.

இனி அளவு. ஷாலுக்கு எடுத்த அதே நூல், அதே ஊசியில் டபுள் குரோஷாவில் 20 ஸ்டிச் அகலம், 10 வரி உயரம் ஒரு மாதிரித் துண்டு போடுங்கள். நனைத்து, காயவைத்து, பிறகு அளக்க வேண்டும். நனைக்காமல் அளந்தால் பருத்தி நூலில் கணக்கு பொய்யாகிவிடும். துண்டு சரிச் சதுரமாக இருந்தால் உங்கள் ஸ்டிச்சின் உயரம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. இந்த இரண்டு என்ற எண்ணை ‘விகிதம்’ என்று வைத்துக்கொள்வோம்.

விதி இதுதான். ஒரு வரியில் ஒரு மேல் விளிம்பில் கூட்டும் ஸ்டிச் எண்ணிக்கையையும், நடுத்தண்டின் ஒரு பக்கத்தில் கூட்டும் எண்ணிக்கையையும் பெருக்கினால், விகிதத்தை அதே விகிதத்தால் பெருக்கியது வர வேண்டும். விகிதம் 2 என்றால் பெருக்கல் 4 வர வேண்டும். விளிம்பில் 2, தண்டில் 2: சரி. விளிம்பில் 4, தண்டில் 1: இதுவும் சரி. விளிம்பில் 1, தண்டில் 2 என்றால் பெருக்கல் 2தான், கழுத்தில் முகடு துருத்தும். விளிம்பில் 3, தண்டில் 2 என்றால் 6, கை மேலே ஏறும்.

ஏன் கூட்டல் இல்லை, பெருக்கல்? ஷாலை நடுத்தண்டில் மடித்தால் ஒரு பாதி கிடைக்கும். அந்தப் பாதியின் கழுத்து மூலை சரியாக 90 பாகை இருந்தால்தான் விரித்தபோது 180 வரும், மேல் விளிம்பு நேர்கோடாகும். விளிம்பில் கூட்டுவது அந்த மூலையை ஒரு பக்கம் திறக்கிறது, தண்டில் கூட்டுவது மறுபக்கம் திறக்கிறது. இரண்டு திறப்பும் சேர்ந்து செங்கோணமாக வேண்டுமென்றால் ஒன்று கூடும்போது மற்றது அதே மடங்கு குறைய வேண்டும். பள்ளிக்கூடத்து டேன்ஜன்ட் கணக்கு ஞாபகம் இருக்கிறவர்கள் போட்டுப் பார்க்கலாம்: கூட்டுகிற ஸ்டிச்சின் அகலத்தை வரியின் உயரத்தால் வகுத்தால் வருவதுதான் அந்தக் கோணத்தின் டேன்ஜன்ட்.

விளிம்பில் 2, தண்டில் 2 போடும் ஷாலின் தொடக்கம் இப்படி. மேஜிக் ரிங் (இழுத்து மூடக்கூடிய நூல் வளையம்) போட்டு, 3 செயின் (லூப் வழியே நூலை ஒரு தடவை இழுத்தால் ஒரு செயின்; இந்த மூன்றும் சேர்ந்து ஒரு ஸ்டிச்), 2 டபுள், 1 செயின், 3 டபுள். பாதிக்கு 3, மொத்தம் 6. திருப்பி, 3 செயின் போட்டு அதே முதல் ஸ்டிச்சில் இன்னும் 2 டபுள். அடுத்த இரண்டு ஸ்டிச்சில் ஒவ்வொன்று. நடுச் செயின் இடைவெளிக்குள் 2 டபுள், 1 செயின், 2 டபுள். மறுபடி இரண்டு ஸ்டிச்சில் ஒவ்வொன்று, கடைசி ஸ்டிச்சில் 3 டபுள். பாதிக்கு 7, மொத்தம் 14. இனி எல்லா வரியும் இதே மாதிரிதான், பாதிக்கு 4, வரிக்கு 8 கூடும். எந்த வரியில் நின்றாலும் வரி எண்ணை 8ஆல் பெருக்கி 2 கழித்தால் மொத்த ஸ்டிச் வந்துவிடும். 10ஆம் வரியில் 78, 20இல் 158, 40இல் 318. இந்த ஒரு கணக்கைக் காகிதத்தில் எழுதி நூல் கூடையில் போட்டுவிடுங்கள். ஐந்து வரிக்கு ஒரு தடவை எண்ணினால் போதும், ஆனால் எண்ணாமல் விடக் கூடாது.

மூன்று டபுள் ஒரு கொத்தாக இடைவெளிக்குள் போடுகிற கிரானி ஷாலிலும் இதே கணக்குதான் ஒளிந்திருக்கிறது. மூன்று ஸ்டிச்சும் பக்கத்து இடைவெளியும் சேர்ந்து நாலு ஸ்டிச் அகலம் பிடிக்கும், பாதிக்கு வரிக்கு ஒரு கொத்து கூடும். அதனால்தான் கணக்குத் தெரியாமல் போட்டாலும் கிரானி ஷால் பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடுகிறது.

எல்லார் கையிலும் விகிதம் சரியாக 2 வருவதில்லை. உதாரணத்துக்கு 20 ஸ்டிச் 11 செ.மீ. அகலமும் 10 வரி 10 செ.மீ. உயரமும் வந்தது என்று வையுங்கள். ஒரு ஸ்டிச் அகலம் 0.55, உயரம் 1. விகிதம் 1.82, தன்னால் பெருக்கினால் 3.3. நீங்களோ 2-க்கு 2 போட்டு 4 கொடுக்கிறீர்கள். மேல் விளிம்பு 180க்குப் பதிலாக 190 பாகைக்கு மேல் திறக்கும். 60 செ.மீ. நீளமுள்ள கையில் இது முனையை ஏறத்தாழ 6 செ.மீ. மேலே தூக்கிவிடும். இதைச் சரிசெய்ய மூன்று வரிக்கு ஒரு வரி மட்டும் விளிம்பில் 2க்குப் பதில் 1 கூட்டுங்கள். சராசரி 1.67, தண்டின் 2ஆல் பெருக்கினால் 3.3. விளிம்பு நேராகிவிடும். வரிக்கு 8 என்ற எண்ணிக்கைக் கணக்கு மட்டும் அப்போது மாறும், மூன்று வரிக்கு 22 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டலை மாற்ற மனமில்லாதவர்கள் ஸ்டிச்சின் உயரத்தையே மாற்றலாம். நூல் சுற்றி, ஊசியை உள்ளே விட்டு முதல் லூப்பை இழுக்கிறோம் அல்லவா, அந்த ஒரு இழுப்பில்தான் ஸ்டிச்சின் உயரம் முடிவாகிறது. லூப்பைக் கீழ் வரியோடு ஒட்டி அடக்கிப் பிடிக்கிறவர்களுக்கு ஸ்டிச் குட்டையாகவும் பருமனாகவும் விழும். ஊசியைக் கொஞ்சம் மேலே தூக்கி, லூப் நீண்டு நின்ற பிறகு அடுத்த நூலை எடுப்பவர்களுக்கு நெட்டையாக விழும். ஊசி நம்பர் ஒன்றே என்றாலும் இரண்டு பேர் கையில் ஷால் வேறு வேறாக வருவதற்குக் காரணம் இந்த அரை விநாடி வேலைதான். நடுவழியில் வேகம் கூடக்கூட லூப் குட்டையாகும், அதையும் கவனிக்க வேண்டும்.

மற்ற ஸ்டிச்களுக்கு: சிங்கிள் குரோஷாவில் விகிதம் ஏறத்தாழ 1. விளிம்பில் 1, தண்டில் 1 போதும். தண்டில் நடு ஸ்டிச்சில் 3 சிங்கிள் போட்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று கூடிவிடும். சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரமுள்ள ஹாஃப் டபுளில் விகிதம் 1.3 முதல் 1.4 வரை வரும், பெருக்கல் 2 பக்கம். விளிம்பில் 2, தண்டில் 1 என்று போட்டால் அகலமான, ஆழம் குறைந்த அழகான ஷால் கிடைக்கும். ஆரம்பக்காரர்களுக்கு என் சிபாரிசு இதுதான், துணி அடர்த்தியும் இழைவும் ஒருசேர அமையும்.

இந்த அகலம், ஆழம் விஷயம் பலருக்குத் தெரியாமலே போகிறது. மேல் விளிம்பு நேராக இருந்தால் மட்டும் போதாது, ஷால் உடம்பில் எப்படி உட்கார வேண்டும் என்பதும் முக்கியம். விளிம்புக் கூட்டலை விகிதத்தால் வகுத்து இரண்டால் பெருக்கினால், ஆழத்தைப் போல எத்தனை மடங்கு அகலம் என்று வந்துவிடும். டபுளில் 2-க்கு 2 என்றால் இரண்டு மடங்கு: 140 செ.மீ. அகலம், 70 செ.மீ. ஆழம். முதுகை நன்றாக மூடும், முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட முனை அவ்வளவாக மிஞ்சாது. விளிம்பில் 4, தண்டில் 1 என்றால் நான்கு மடங்கு: 180-க்கு 45. கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ள இதுதான் வசதி. இடைப்பட்டது வேண்டுமானால் விளிம்பில் 3. தண்டில் 1, 1, 2 என்று மூன்று வரிக்கு மாற்றி மாற்றி. மூன்று மடங்கு அகலம் வரும். மார்கழி விடிகாலையில் நெல்லையப்பர் கோயிலுக்குப் புடவை மேல் போர்த்திப் போக இரண்டு மடங்கு ஷால் பொருந்தும். குற்றாலச் சாரலில் காற்று தூக்காமல் கழுத்தில் சுற்றி நிற்க வேண்டுமென்றால் மூன்று அல்லது நான்கு மடங்கு போடுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் விளிம்பு வில்லாக வளைகிறதா? அப்படியானால் திரும்பும் செயினை, அதாவது திருப்பியதும் வரித் தொடக்கத்தில் போடும் செயினைப் பாருங்கள். வரியின் உயரம் 1 செ.மீ. என்றால் மேல் விளிம்பில் அந்த வரி பிடிக்க வேண்டிய நீளம் 1.4 செ.மீ., ஏனென்றால் விளிம்பு வரிக்குச் சாய்வாக ஓடுகிறது. மூன்று செயின் நிமிர்ந்து நின்றால்தான் ஒரு டபுளின் உயரத்துக்குச் சரி. சாய்ந்து கிடக்கும்போது அது போதாது. வரிக்கு வரி சிறிது சிறிதாக இழுத்து, நாற்பதாவது வரியில் விளிம்பு முழுவதும் சுருக்குக் கயிறு போட்ட மாதிரி ஆகிவிடும். மூன்றுக்குப் பதிலாக நான்கு செயின் போடுங்கள். வரி முடிகிற பக்கம், கடைசி மூன்றில் வெளி ஓரத்து ஒன்றை மட்டும் ட்ரெபிளாக, அதாவது நூல் இரண்டு தடவை சுற்றிப் போடுங்கள். இரண்டு ஓரமும் ஒரே நீளத்தில் நிற்கும். அகலம் 4 மடங்கு வரும் ஷாலில் விளிம்பு இன்னும் சாய்வு, அங்கே 1 செ.மீ. வரிக்கு 2.2 செ.மீ. விளிம்பு தேவை. 5 செயின் கூட இறுக்கமாகத்தான் தெரியும், செயினைத் தளர்த்திப் போட வேண்டும்.

அடுத்த தவறு எண்ணிக்கையில். வரியின் கடைசி ஸ்டிச் என்பது முந்தைய வரியில் போட்ட திரும்பும் செயினின் தலை. அது ஸ்டிச் மாதிரியே தெரியாது, ஓரத்தில் சுருண்டு கிடக்கும். அதை விட்டுவிட்டு அதற்கு முந்தியதில் மூன்றைப் போட்டால் அந்த விளிம்பில் 2க்குப் பதில் 1தான் கூடும். வரிக்கு வரி திருப்புவதால் இந்த இழப்பு ஒரு வரி இடப்பக்கம், ஒரு வரி வலப்பக்கம் என்று மாறி மாறி விழும். இரண்டு பக்கமும் சமமாகக் கெடுவதால் தப்பு நடந்ததே தெரியாது. கழுத்து முகடு மட்டும் மெதுவாக எழும்பும். திரும்பும் செயினின் தலையில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கோத்து வைத்தால் அடுத்த வரியில் கண் தப்பாது.

நடுத்தண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். செயின் இடைவெளிக்குள் 2 டபுள் போட்டதும் அவை பருத்து, பக்கத்தில் உள்ள முதல் ஸ்டிச்சின் தலையை மறைத்துவிடும். அதைத் தாண்டி அடுத்ததில் போட்டுவிடுகிறோம். விரலால் கொத்தை ஓரமாகத் தள்ளிப் பார்த்தால் ஒளிந்திருக்கும் தலை தெரியும், அதில்தான் போட வேண்டும். இடைவெளியில் ஒரு ஊக்கு மாட்டி வரிக்கு வரி ஏற்றிக்கொண்டே போங்கள். வரியைப் பாதியாக எண்ணி இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பதற்கும் அந்த ஊக்குதான் எல்லை.

இடையன்குடியில் 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து வளர்த்த லேஸ் நம் திருநெல்வேலிப் பக்கத்துக்குப் பெருமை சேர்த்த கைவேலை. தலையணை போன்ற திண்டின் மேல் வைத்துப் பின்னுகிற அந்தத் தலையணை லேஸில் வடிவம் முதலிலேயே அட்டையில் குத்தப்பட்டிருக்கும், குண்டூசியைத் தொடர்ந்து நூல் போகும். குரோஷாவில் அப்படி அட்டை கிடையாது. எண்ணிக்கைதான் அட்டை. கைவேலையில் நல்ல பழக்கமுள்ளவர்கள் கூட முதல் முக்கோண ஷாலில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

போடும்போதே சோதிக்க வேண்டும். முதல் ஐந்து வரியைப் பார்த்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், ரிங்கின் பருமன் கழுத்தை எப்படியும் கொஞ்சம் தூக்கிக் காட்டும். எட்டாவது வரியில் ஷாலை நடுத்தண்டில் மடித்து மேசையில் வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தின் மூலையைக் கழுத்து முனைக்குள் பொருத்துங்கள். தண்டும் மேல் விளிம்பும் நோட்டின் இரண்டு ஓரத்தோடும் ஒட்டி நின்றால் சரி. நோட்டின் ஓரம் துணிக்கு வெளியே நீட்டினால் கூட்டல் போதாது. நோட்டின் ஓரத்தைத் தாண்டித் துணி விரிந்தால் கூட்டல் அதிகம். இரண்டு மூன்று பாகை விரிவது நல்லதுதான், ஷால் தோளைக் கவ்வி நிற்கும். முகடாக வருவதுதான் உதவாது. பின்கழுத்தில் தங்காமல் சரிந்துகொண்டே இருக்கும். எட்டாவது வரியில் பிரிப்பது கால் மணி நேர வேலை, முப்பதில் பிரிப்பதற்கு மனசு வராது.

அப்படியும் கடைசியில்தான் கண்டுபிடித்தீர்கள் என்றால், 2 அல்லது 3 செ.மீ. வித்தியாசத்தை பார்டரில் சமாளிக்கலாம். கழுத்து முகடாக இருந்தால் மேல் விளிம்பில் நடுவில் சிங்கிள், தள்ளிப் போகப்போக ஹாஃப் டபுள், முனைப் பக்கம் டபுள். பள்ளமாக இருந்தால் நேர்மாறாக. பார்டர் சாதாரணமாகப் போடும்போதும் எண்ணிக்கை முக்கியம். டபுள் வரி ஒன்றின் ஓரத்தில் 2 சிங்கிள் போட்டால் விளிம்பு இழுத்துக்கொள்ளும், 3 போட்டால் கொஞ்சம் தளரும். இரண்டு வரிக்கு 5 என்று போடுவது கழுத்துக்குச் சரியான பிடிப்பு.

இவ்வளவு கணக்கும் தலைவலியாகத் தோன்றினால் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிப் போடுங்கள். ஒரே ஸ்டிச்சில் தொடங்கி வரிக்கு இரண்டு ஓரமும் கூட்டிக்கொண்டே போனால் கடைசி வரியே மேல் விளிம்பு. அது எப்போதும் நேர்தான். முனை கூர்மையா அகலமா என்பது மட்டும் மாறும். நூல் தீர்கிற இடத்தில் நிறுத்தலாம் என்பது இன்னொரு வசதி.

நூல் பற்றி. நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான். அக்ரிலிக் இலேசாக இருக்கும், ஆனால் புழுங்கும். மாஞ்சோலை மாதிரி மலை மேலே போகிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். பருத்தியின் குணம், ஈரம் ஏறினால் கனத்து இறங்குவது. சாரலில் நனைந்தால் நடுத்தண்டு நீண்டு கீழ்முனை தொங்கிவிடும். அதனால்தான் தண்டில் 2 செயினுக்குப் பதில் 1 செயின் சொன்னேன். ஓட்டை சிறிதாக இருந்தால் இழுவையும் குறையும். எவ்வளவு நூல் வாங்க வேண்டும் என்பதற்கு 10-க்கு 10 செ.மீ. மாதிரித் துண்டை எடை போடுங்கள். 140-க்கு 70 ஷாலின் பரப்பு 4,900 சதுர செ.மீ., அதாவது 49 துண்டு. துண்டு 5 கிராம் என்றால் 245 கிராம், பார்டருக்கு இன்னும் பத்தில் ஒரு பங்கு. ஒரே சாயத் தொகுதியில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். இன்னொன்று, 40 வரி ஷாலில் 20ஆம் வரி பாதி அல்ல, கால் பங்கு நூல்தான் அப்போது தீர்ந்திருக்கும். பாதி நூல் தீர்வது 28ஆம் வரியில். இது தெரியாமல் நூல் தாராளமாக இருக்கிறது என்று நினைத்துக் கடைசி ஐந்து வரிக்கு நூல் இல்லாமல் நிற்பவர்கள் நிறைய.

முடித்ததும் சோப்புத் தண்ணீரில் நனைத்து, அலசி, முறுக்காமல் துவாலையில் சுருட்டி அழுத்தி எடுங்கள். நிழலில் கோரைப்பாய் விரித்து அதன் மேல் போடுங்கள். பாயின் நேர்க்கோடுகள் மேல் விளிம்புக்கு அளவுகோலாக உதவும். தரையில் டைல்ஸ் இருந்தால் இரண்டு கோடு வெட்டும் மூலையில் கழுத்தை வைத்து, ஒரு கோட்டில் மேல் விளிம்பையும் மற்றதில் நடுத்தண்டையும் நிறுத்துங்கள், பாய் இல்லாமலே செங்கோணம் கிடைத்துவிடும். பாயில் குண்டூசி குத்துவதானால் முதலில் கழுத்து, பிறகு இரண்டு கைமுனை, பிறகு கீழ்முனை, அப்புறம்தான் இடைப்பட்ட இடங்கள். துருப்பிடிக்காத ஊசியாக இருக்க வேண்டும், ஈரப் பருத்தியில் துருக்கறை ஏறினால் போகாது. ஆனி, ஆடி மேலக்காற்றில் பருத்தி சீக்கிரமே காய்ந்துவிடும், ஐப்பசி மழையில் இரண்டு நாள் கூட ஆகும். முழுக்கக் காயும் வரை ஊசியை எடுக்காதீர்கள், அரை ஈரத்தில் எடுத்தால் விளிம்பு முதலில் சுருங்குகிற இடம் கழுத்துதான்.